கல்பாலத்தில் ஓடிய பாட்டு

ஆவுடையம்மாளிடம் கேள்வி கேட்கப் போகிறவர்கள் திட்டு வாங்கவும் தயாராகத்தான் போக வேண்டும். ஊத்தடியில் பஸ் திரும்புகிற மைதானத்துக்குப் பின்னால், குளத்தை ஒட்டி அவருக்கு ஓர் ஓட்டு வீடு இருந்தது. காவி கிடையாது, மாலை கிடையாது. வயதும் அப்படியொன்றும் ஆகிவிடவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர், ஒருநாள் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்துகொண்டார். ஆட்கள் தேடி வர ஆரம்பித்தார்கள். ஏன் வருகிறீர்கள் என்று கேட்டால் வந்தவர்களுக்கே சொல்லத் தெரியாது. திட்டு வாங்கிக்கொண்டு போனவர்கள் திரும்ப வந்தார்கள், அவ்வளவுதான்.

அவர்களில் சுடலைமுத்துவும் ஒருவர். தென்காசிக்கும் ஊத்தடிக்கும் ஓடுகிற தனியார் பஸ்ஸின் டிரைவர். அம்மாளைவிட நன்றாக மூத்தவர். அவர் அம்மாளை அம்மா என்பார். அம்மாள் அவரை அண்ணாச்சி என்பார். பஸ் ஊத்தடியில் நிற்கிற நேரத்தில் டீயைக் குடித்துவிட்டு அந்த வீட்டுக்கு வந்துவிடுவார்.

அன்றைக்கு டீகூடக் குடிக்காமல் வந்தார். முகம் சிவந்து கிடந்தது.

பஸ்ஸில் ஒரு பையன் பாட்டை மாற்றச் சொல்லியிருக்கிறான். மரியாதையாகத்தான் சொன்னானாம். இவர் வண்டியை ஓரம்கட்டி, இறங்கிப் போய், அவன் கன்னத்தில் ஒன்று வைத்துவிட்டார். விஷயம் முதலாளிவரை போய்விட்டது. இன்னொரு புகார் வந்தால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடு என்று முதலாளி போனிலேயே சொல்லிவிட்டார்.

அம்மாள் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஆத்திரம் வருது அம்மா. நின்னா வருது, உக்காந்தா வருது. அது எங்கேருந்து வருதுன்னு மட்டும் சொல்லுங்க. பொறவு நான் பாத்துக்கிடுதேன்."

"இன்னைக்கு எங்கேருந்து வந்துச்சு?"

"அதான் சொன்னேன்லா. அந்தப் பையன்."

"நேத்து?"

நேற்று மாசானம். முந்தாநாளும் மாசானம். எடுத்துப் பார்த்தால் எல்லா நாளும் மாசானம்தான்.

மாசானம் வேறு யாருமில்லை. சுடலைமுத்துவின் பஸ்ஸில் பல வருஷம் கண்டக்டராக இருந்தவர். ஒரே தட்டில் சாப்பிட்ட சிநேகிதம் அது. அப்படிப்பட்ட மனுஷன் சத்தமில்லாமல் லைசென்ஸ் எடுத்து, சத்தமில்லாமல் வேறொரு முதலாளியிடம் பேசி, இதே ரூட்டில் இவருக்கு முந்தின டைமில் ஓடுகிற பஸ்ஸில் டிரைவராகப் போய் உட்கார்ந்துவிட்டார். போகிற அன்றைக்குத்தான் சொன்னார். அதுவும் டிக்கெட் பையைக் கழற்றிக் கையில் கொடுத்துக்கொண்டே சொன்னார்.

அன்றிலிருந்து முன்னால் மாசானம், பின்னால் சுடலைமுத்து. முன்னால் போகிறவர் ஆளை அள்ளிக்கொண்டு போகிறார். போகிறவர் வேகமாகவாவது போகிறாரா? அதுவுமில்லை. கல்பாலம் வந்ததும் வேண்டுமென்றே மாட்டுவண்டி வேகத்தில் உருட்டுகிறார். பின்னால் வருகிற இவர் பிரேக்கை மிதித்து மிதித்துப் பல்லைக் கடிக்க வேண்டியிருக்கிறது. பாலத்தில் முந்தவும் வழியில்லை.

இதையெல்லாம் கொட்டி முடித்ததும் அம்மாள் எழுந்து செருப்பை மாட்டினார். வண்டிக்குப் போகலாம் என்றார்.

சுடலைமுத்துவின் பஸ்ஸைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அந்தப் பக்கத்தில் ஜனங்கள் பஸ்ஸுக்காகக் காத்திருப்பதில்லை, பாட்டுக்காகக் காத்திருப்பார்கள். முன்னால் வருகிற வண்டி காலியாக இருந்தாலும் விட்டுவிட்டு இந்த வண்டிக்கு நிற்கிற ஆட்கள் உண்டு. பாட்டு எல்லாரும்தான் போடுகிறார்கள். இவர் போடுவது வரிசை. ஸ்டாண்டிலிருந்து கிளம்பும்போது சாமி பாட்டு. காலேஜ் ஸ்டாப்பில் துள்ளல். ஆஸ்பத்திரி தாண்டுகிறவரை சத்தம் பாதி. வயல் ரோட்டில் பழைய டூயட். கல்பாலத்தில் ஏறும்போது புல்லாங்குழல் தொடங்க வேண்டும், இறங்கும்போது பெண் குரல் எடுக்க வேண்டும். வண்டி சற்று முந்திவிட்டால் வேகத்தைக் குறைத்தாவது குழலைப் பாலத்தில் தொடங்க வைப்பார். பாட்டை ரோட்டோடு தைத்து வைத்திருந்தார் மனுஷன்.

பாட்டுகள் அவர் ஒருவர் சேர்த்தவை அல்ல. காசெட் காலத்திலிருந்து இரண்டு பேரும் அலைந்து சேர்த்தது. இவர் மெல்லிசையாகத் தேடி எடுப்பார். மாசானம் தெம்மாங்கு, தாலாட்டு, ஒப்பாரி, சவேரியார் கோயில் பாட்டு என்று கையில் கிடைத்ததையெல்லாம் கொண்டுவருவார். பிறகு எல்லாவற்றையும் பென் டிரைவில் ஏற்றினார்கள். ஒன்று கெட்டுப்போனால் இருக்கட்டும் என்று இரண்டாகப் போட்டு வைத்தார்கள். போகும்போது ஒன்றை மாசானம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்கும் இவருக்கு ஆத்திரம். தன்னிடம் இருந்ததில் மாசானத்தின் பாட்டுகளையெல்லாம் ஒரு மூலையில் தள்ளி, அந்தப் பக்கமே போகாமல் தன் வரிசையை மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தார்.

அம்மாள் டிரைவர் சீட்டுப் பக்கமாக ஏறி, பாட்டுப் பெட்டியைப் பார்த்தார். ஒரு பொத்தானில் இரண்டு அம்புகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போயின. அது என்ன என்று கேட்டார்.

அது ஷஃபிள் என்றார் சுடலைமுத்து. அமுக்கினால் உள்ளே இருக்கிற பாட்டெல்லாம் கலைந்து எது வேண்டுமானாலும் வரும், அதை யாரும் தொடுவதில்லை என்றார்.

அம்மாள் அமுக்கினார்.

"ஒரு மண்டலத்துக்கு இதுல கை வைக்காதீங்க. வந்த பாட்டு வந்தபடி ஓடணும். தள்ளி விடக் கூடாது, நிறுத்தக் கூடாது."

"அம்மா, ஜனங்க காறித் துப்புவாங்க."

"துப்பட்டும்."

"இதுக்கும் ஆத்திரத்துக்கும் என்ன சம்பந்தம்?"

அம்மாள் இறங்கிப் போய்விட்டார். சுடலைமுத்து வருஷந்தோறும் மாலை போட்டு விரதம் இருக்கிற ஆள். மண்டலம் என்று ஒருவர் வாயிலிருந்து வந்துவிட்டால் அவரால் மீற முடியாது. அது தெரிந்துதான் அம்மாள் சொல்லியிருக்க வேண்டும். சரியான ஆள்.

மறுநாள் காலையில் முதல் டிரிப்பிலேயே மானம் போயிற்று. பெண்ணழைப்புக்குப் போகிற கூட்டம் ஒன்று பூவும் தட்டுமாக ஏறி உட்கார்ந்தது. வண்டி நகர்ந்ததும் பெட்டி ஒப்பாரியை எடுத்துவிட்டது. வெறும் ஒப்பாரி இல்லை, புருஷனைப் பறிகொடுத்தவள் நெஞ்சில் அடித்துக்கொண்டு பாடுகிற ஒப்பாரி. பெண்ணின் தாய்மாமன் எழுந்து வந்து டிரைவர் சீட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டு, இவருடைய பரம்பரையையே இழுத்துப் பேசினார். சுடலைமுத்து ஸ்டியரிங்கைப் பிடித்த பிடியில் நரம்பு புடைத்தது. கை பெட்டிப் பக்கம் போனது. மண்டலம் ஞாபகம் வந்து திரும்பிவிட்டது. கண்டக்டர் அந்தோணிதான் கூட்டத்தின் கையைக் காலைப் பிடித்து உட்கார வைத்தார்.

இப்படியே போயிற்று. அம்மன் கோயில் கொடை விழாவுக்குப் போகிற கூட்டத்துக்கு மாதா பாட்டு. பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளுக்குத் தாலாட்டு, பாதிப் பேர் தூங்கியே போய்விட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலில் முழுச் சத்தத்தோடு பறையடி. கல்பாலத்தில் குழலைத் தவிர எல்லாம் வந்தது. அவருக்கென்று காத்திருந்தவர்கள், அண்ணாச்சிக்கு வயசாகிவிட்டது என்று பேச ஆரம்பித்தார்கள். அது காதில் விழுந்த அன்று வீட்டில் சோற்றைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்.

ஆனால் ஒன்றையும் சொல்ல வேண்டும். தன்னுடைய பெட்டிக்குள் இத்தனை பாட்டு கிடந்தது அவருக்கே தெரியாது. ஒருநாள் வயல் ரோட்டில் ஒரு தோணிக்காரன் பாட்டு வந்தது. மேளம் கிடையாது. துடுப்புச் சத்தமும் ஒரு கரகரத்த குரலும் மட்டும். பஸ்ஸில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். சுடலைமுத்து ஒரு ஸ்டாப்பில் பிரேக் போட மறந்து தாண்டிப் போய்விட்டார். இறங்க வேண்டிய கிழவர் ஒருவர் திட்டவில்லை. இந்தப் பாட்டு இத்தனை நாள் எங்கே இருந்தது என்று மட்டும் கேட்டுவிட்டு, திரும்பி நடந்து போனார்.

சாயங்காலம் வண்டியைக் கழுவும்போது சுடலைமுத்து அந்தப் பாட்டை முனகிக்கொண்டிருந்தார். முனகிக்கொண்டிருக்கும்போதே அது மாசானம் கொண்டுவந்த பாட்டு என்று ஞாபகம் வந்துவிட்டது. வாளியை எட்டி உதைத்தார்.

மறுநாள் அம்மாளின் வீட்டுக்குப் போனபோது குரல் தெருவரை கேட்டது. ஆத்திரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டதற்கு, உள்ளதோடு இன்னொன்றையும் சேர்த்துக் கட்டிவிட்டீர்களே என்றார். முன்னெல்லாம் அவன் ரோட்டில் மட்டும் இருந்தான், இப்போது வண்டிக்குள்ளேயும் வந்து உட்கார்ந்துகொண்டு பாடுகிறான் என்றார்.

"யாரு பெட்டி?" என்றார் அம்மாள்.

"என் பெட்டி."

"உள்ள இருக்கது?"

"ரெண்டு பேரும் சேத்தது."

"அவன் போயி ரெண்டு வருஷம் ஆகப்போகுது. அவன் பாட்ட அழிக்க உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"பொறவு?"

சுடலைமுத்து நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு எழுந்தார். ஆனால் மைதானத்தில் வண்டி கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. மைதானத்தின் அந்தக் கோடியில் மாசானத்தின் பஸ் நின்றது. இந்தக் கோடியில் இவர் பஸ். நடுவில் யாரும் நிற்பதில்லை.

மண்டலம் பாதிகூட ஆகவில்லை. அதற்குள் அது நடந்துவிட்டது.

அன்று காலையிலிருந்தே எல்லாம் கோணல். ஸ்டாண்டில் டைம் கீப்பர் எல்லாருக்கும் முன்னால், உங்கள் ஆட்களை மாசானம் கொண்டுபோய்விட்டார், ஓட்டத் தெரிந்தவர் ஓட்டுகிறார் என்று சிரித்தார். அது வேடிக்கைப் பேச்சுதான். சுடலைமுத்துவுக்கு அப்படிப் படவில்லை. வண்டியை எடுத்த எடுப்பில் விரட்டினார். ஸ்டாப்பில் ஏறிய பெண் கம்பியைப் பிடிப்பதற்குள் வண்டி நகர்ந்தது. அந்தோணி இரண்டு தடவை விசில் ஊதிப் பார்த்தார். கல்பாலத்துக்கு முன்னால் மாசானத்தின் பஸ் தெரிந்தது. தெரிந்ததும் பெட்டியில் தோணிக்காரன் பாட்டு வந்தது.

பாலத்தில் ஏறியதும் மாசானம் வழக்கம்போல உருட்ட ஆரம்பித்தார்.

சுடலைமுத்து ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. முன்னால் போகிற வண்டி அசையவில்லை. எதிரில் வண்டி எதுவும் இல்லை. பாலம் இரண்டு பஸ்ஸைத் தாங்குகிற அகலம்தான், அதுவும் இரண்டு டிரைவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டினால். சுடலைமுத்து வலப்பக்கம் ஒடித்து ஏறினார். பஸ்ஸில் இருந்தவர்கள் கத்தினார்கள். வலப்பக்கச் சக்கரம் கைப்பிடிச் சுவரை உரசியது. இடப்பக்கம் மாசானத்தின் கண்ணாடியில் இடித்து, அது உடைந்து தொங்கியது. இரண்டு வண்டிகளும் பக்கம் பக்கமாக நின்றுவிட்டன. ஒரு குழந்தை விடாமல் அழுதது.

அப்போதுதான் அவர் அதைக் கேட்டார். மாசானத்தின் பஸ்ஸிலிருந்து புல்லாங்குழல் வந்துகொண்டிருந்தது.

பாலத்தில் ஏறும்போது தொடங்க வேண்டிய குழல். அதே பாட்டு. பின்னால் வருகிறவனுக்கு ஹாரன் சத்தமும் தன் பாட்டும்தான் கேட்கும், இத்தனை நாளும் இது கேட்டதே இல்லை. குழலைப் பாலத்தில் தொடங்க வைக்கத்தான் அந்த மனுஷன் தினமும் இங்கே வேகத்தைக் குறைத்திருக்கிறார்.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் தலை குனிந்திருப்பார்கள். சுடலைமுத்துவுக்கு ஆத்திரம் இரண்டு மடங்காக ஏறியது.

"திருட்டுப் பயலே, என் வரிசையக் கொண்டு போயிட்டியால?" என்று கத்தினார்.

மாசானம் ஜன்னல் வழியாக அவரைப் பார்த்தார். தொங்குகிற கண்ணாடியைப் பார்த்தார். கையை வெளியே நீட்டி, நீ முன்னால் போ என்று காட்டினார்.

ஊத்தடி வந்து சேர்கிறவரை சுடலைமுத்து அந்தோணியைத் திட்டிக்கொண்டே வந்தார். அவன் என் வரிசையை ஓட்டுவது உனக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றார் அந்தோணி. ரூட்டில் எல்லாருக்கும் தெரியுமாம். ஸ்டாண்டிலிருந்து கிளம்பும்போது சாமி பாட்டு, ஆஸ்பத்திரியில் பாதிச் சத்தம், எல்லாம் அப்படியே போடுகிறாராம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, அந்தப் பேரைச் சொன்னால் அடிப்பீர்கள் என்றார் அந்தோணி. சொல்லிவிட்டு ஒரு அடி தள்ளியும் நின்றுகொண்டார்.

வண்டியை நிறுத்தியதும் சுடலைமுத்து பெட்டியிலிருந்து பென் டிரைவைப் பிடுங்கினார். அதை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு அம்மாள் வீட்டுக்குள் நுழைந்தார். உட்காரவில்லை.

நடந்ததை நின்றபடியே சொன்னார். மாசானம் திருடன் என்றார், நம்பிக்கைத் துரோகி என்றார். இத்தனை வருஷம் தான் ரோட்டைப் பார்த்துப் பார்த்துக் கோத்த வரிசையைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் வண்டியில் மாட்டிக்கொண்டான் என்றார். அதனால்தான் ஜனங்கள் அவன் வண்டியில் ஏறுகிறார்கள், நான் இங்கே ஒப்பாரி போட்டுக்கொண்டு பேர் கெட்டுக் கிடக்கிறேன், எல்லாம் உங்களால்தான் என்றார்.

அம்மாளின் முகம் மாறியது.

"வண்டியில எத்தனை பேரு இருந்தாங்க?"

"எந்த வண்டியில?"

"ரெண்டுலயுந்தான்."

சுடலைமுத்துவுக்குத் தெரியவில்லை.

அம்மாள் கத்திப் பேசுகிறவர் இல்லை. அன்றைக்குக் கத்தினார். ஆஸ்பத்திரியில் பஸ் விபத்து வந்தால் முதலில் எதைத் துடைப்போம் தெரியுமா என்று கேட்டார். எந்தக் கை யாருடையது என்று தேடியிருக்கிறீர்களா என்று கேட்டார். நான் தேடியிருக்கிறேன் என்றார். பாட்டு வரிசை போய்விட்டது என்று என்னிடம் அழ வந்துவிட்டீர்கள், அந்தக் குழந்தை அழுதது காதில் விழுந்ததா என்று கேட்டார். பக்கத்து வீட்டு ஆட்கள் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்கள்.

சுடலைமுத்து சுவரில் சாய்ந்தார். ஆனாலும் பிடிவாதம் விடவில்லை.

அம்மாள் சொன்னது எல்லாம் சரி, ஒத்துக்கொள்கிறேன் என்றார். கண்ணாடிக்கு மாசானம் புகார் கொடுப்பான், சாவி போய்விடும், போகட்டும் என்றார். ஆனால் மண்டலத்தை இன்றோடு முடித்துவிடுங்கள் என்று கேட்டார். இதில் அவன் பாட்டு ஒன்று பாக்கியில்லாமல் அழித்துவிட்டுத்தான் இனிச் சோறு என்றார். பென் டிரைவை நீட்டிக் காட்டினார்.

அம்மாளுக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை. ஆனால் குரலைத் தாழ்த்திவிட்டார்.

"அழிங்க. நான் தடுக்கல. ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போங்க. பாலத்துல அவன் வண்டியில ஓடுனது யாரு பாட்டு?"

"என் பாட்டு. என் வரிசை. அதத்தான சொல்லுதேன்."

"உங்க வண்டியில?"

தோணிக்காரன் குரல் சுடலைமுத்துவின் வாயிலேயே இன்னும் இருந்தது. வலப்பக்கம் ஒடித்து ஏறும்போதுகூட அவர் அதை முனகிக்கொண்டுதான் இருந்தார்.

"மாசானம் பாட்டு," என்றார்.

"அப்ப நீங்க இடிச்சது யாரு வண்டிய, அண்ணாச்சி?"